கயிற்றில் தொங்கிய பைகள்

சனிக்கிழமை, காலை ஏழு மணி.

ஸ்டோரின் இரும்புக் கதவு பூட்டப்படாமல் கிடந்தது. பமேலாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தக் கதவுக்கு ஒரே சாவி. அது எப்போதும் ரோய்ஸ்டனின் இடுப்பு வாரில் தொங்கும். பிரித்துப் போடு, கழுவிப் போடு என்று மாணவர்களை நாள் முழுக்க விரட்டுகிற மறுசுழற்சி அதிகாரிக்குக் கதவைப் பூட்டத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

வாடை அடித்தது. பழைய காகிதத்தின் வாடை இல்லை அது.

ரோய்ஸ்டன் காகிதக் கட்டுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். நெற்றி பிளந்திருந்தது. கழுத்தின் வலப்பக்கம் கிழிந்து, இன்னொரு வாயைப் போலத் திறந்திருந்தது. அருகிலிருந்த காகிதக் கட்டு ரத்தத்தை உறிஞ்சிக் கறுத்துப் போயிருந்தது. மூடாத கண்களின் ஓரத்தில் எறும்பு சாரை வைத்திருந்தது.

பமேலா அலறிய அலறல் வாசல் காவலரின் பொண்டோக் குடில் வரைக்கும் கேட்டது.

செமோருக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த கல்லூரி அது. பால்மரங்கள் போய் விடுதிகள் வந்துவிட்டன. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட பழைய ஸ்டோர் மட்டும் இடிபடாமல் நின்றது. அதைத்தான் மறுசுழற்சி நிலையமாக மாற்றியிருந்தார்கள். நீலத் தொட்டியில் காகிதம், பழுப்புத் தொட்டியில் கண்ணாடி, ஆரஞ்சுத் தொட்டியில் டின்னும் பிளாஸ்டிக்கும்.

பழுப்புத் தொட்டிக்குள் ஒரு பொட்டலம் கிடந்தது. செய்தித்தாளில் சுருட்டி, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் தனேஸ்வரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல் கத்தியால் அறுத்தார். உள்ளே கீச்சாப் என்னும் சோயாச் சாறு இருந்த ஒரு பெரிய போத்தலின் உடைந்த சில்லுகள். போத்தலின் கழுத்துத் துண்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

எட்டரை மணிக்கெல்லாம் ஒரு மாணவனைப் பிடித்துவிட்டார்கள்.

*

ஆயர் தாவாரில் பத்துமலையின் தொலைபேசி ஒலித்தபோது அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். வேலையை விட்டு ஏழெட்டு வருஷமாகியும் காலையில் சவரம் செய்யாமல், சட்டைக்கு இஸ்திரி போடாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. கடையில் கடன் சொன்னதில்லை. யாரிடமும் சிபாரிசுக்குப் போனதில்லை. அந்த வட்டாரத்தில் 'சார்ஜன் வீடு' என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அந்த அர்த்தத்தை அவர் தோள்பட்டையில் இன்னும் சுமந்துகொண்டுதான் நடப்பார்.

தனேஸ்வரன் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இன்ஸ்பெக்டர் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர்க் கிளாஸ் கைநழுவித் தரையில் விழுந்து சிதறியது.

"என்னங்க? யாருக்கு என்ன?" என்று மனைவி விமலா ஓடி வந்தாள்.

"யுகேந்திரன் ஒரு ஆளக் கொன்னுட்டானாம்."

விமலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே பழைய பேப்பரை நனைத்துப் பிழிந்து தரையில் ஒற்றினாள். ஒற்றி எடுத்ததைச் சுருட்டிக் கட்டினாள். தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"நம்ம புள்ள அப்படிச் செய்வானாங்க?"

"செஞ்சிருந்தா நானே விலங்கு மாட்டுவேன். செய்யலன்னா எவன் மாட்டினானோ அவன் கையாலயே கழட்ட வைப்பேன்."

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

*

கல்லூரி வாசலில் கூட்டம். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் மகள் ஷாமினி உட்கார்ந்திருந்தாள். இருபது வயது, அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஈப்போ வெயிலில் மற்ற பிள்ளைகள் விசிறிக்கொண்டு நிற்க, அவள் கழுத்து வரைக்கும் ஜிப் ஏற்றிய ஜாக்கெட் போட்டிருந்தாள்.

"காய்ச்சலாம்மா?"

"ம்." அவள் நிமிரவில்லை. "அண்ணன் செய்யலப்பா."

"அத நான் பாத்துக்கறேன். நீ அழுது நிக்காத. நாலு பேரு பாக்கறாங்க."

"நான் அழலையேப்பா."

உண்மைதான். அவள் கண்கள் காய்ந்திருந்தன.

தனேஸ்வரன் வெளியே வந்து, பழைய பழக்கத்தில் விறைத்து நின்று, பிறகுதான் இயல்பானார்.

"சார்ஜன், மன்னிக்கணும். ஈப்போவிலேர்ந்து வேன் வந்ததும் கொண்டு போயிடுவோம். அதுக்குள்ள நீங்க பாக்கணும்னா பாக்கலாம். எதையும் தொடக்கூடாது."

"எனக்குச் சட்டம் தெரியும், இன்ஸ்பெக்டர். என்ன வச்சிருக்கீங்க?"

"வியாழக்கிழமை உங்க மகன் எல்லார் முன்னாலயும் ரோய்ஸ்டன் தாடையில குத்தினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையில ஸ்டோர் பக்கமிருந்து ஓடி வந்தான். காவலர் சின்னையா பாத்திருக்காரு. கையில போட்டிருந்த கட்டுல ரத்தம், அது ரோய்ஸ்டனோட ரத்த வகை. ஆள் செத்ததும் அந்தச் சாயங்காலம்தான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்."

"எதுக்குக் குத்தினான்?"

தனேஸ்வரன் விடுதிப் பக்கம் கை நீட்டினார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கொடி கட்டியிருந்தது. துணி காயவில்லை அதில். நிறமில்லாத பிளாஸ்டிக் பைகள் தொங்கின. உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அறை எண்ணும் பெயரும் எழுதிய அட்டை.

"ரோய்ஸ்டன் கண்டுபிடிச்ச வழி. குப்பையச் சரியாப் பிரிக்காதவங்க பைய இப்படித் தொங்கவிடுவாரு. ரெண்டு வாரம் எல்லாப் புள்ளைகளும் ஒழுங்காப் பிரிச்சாங்களாம்."

பத்துமலை அந்தப் பைகளைப் பார்த்தார். யாரோ சாப்பிட்டது, யாரோ தலைவாரியது, யாரோ காயத்துக்கு ஒட்டியது. ஒரு குடும்பம் கதவுக்குப் பின்னால் வைப்பதெல்லாம் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் உடம்பு கூசியது. யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காகக் கூசியது.

"உங்க மகன் பையும் தொங்குச்சு. அதான் சண்டை."

"ஸ்டோரக் காட்டுங்க."

*

உள்ளே பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடும் ரத்தமும் மட்டும் இருந்தன. சுவரிலும் ரத்தம் தெறித்திருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு வீச்சு, அதற்குக் கீழே தேய்த்தாற்போல் ஒரு பட்டை. அடிபட்டவன் உடனே சாகவில்லை. எழுந்து வந்திருக்கிறான். வந்த பிறகுதான் கழுத்தில் குத்து விழுந்திருக்கிறது.

கதவோரம் ரப்பர் கையுறைகள் வரிசையாகத் தொங்கின. இங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் போடுவது. ஒரு ஜோடி மட்டும் கழுவிக் காயப்போட்டிருந்தது.

"அதான் போத்தல்ல கைரேகை இல்ல," என்றார் தனேஸ்வரன். "கழுவுன வாளி அதோ."

பத்துமலை குனிந்து சிமெண்டுத் தரையைப் பார்த்தார். பூட்ஸை வைத்து லேசாகத் தேய்த்தார். சத்தம் வரவில்லை.

"இங்கதானே போத்தல் உடைஞ்சுது?"

"இங்கதான்."

"துடைப்பம்?"

"இல்ல. பின்னால ரூம்ல பூட்டிக் கிடக்கு."

மேசைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். செய்தித்தாள் பொரித்த அப்பளம்போல் மொரமொரவென்று சுருங்கியிருந்தது. எழுத்துகளின் மை பரவியிருந்தது. தாளின் உட்புறம் நுண்ணிய கண்ணாடித் தூள் சர்க்கரைபோல் ஒட்டிக்கொண்டு மின்னியது.

"மழையில நனைஞ்ச பேப்பர்," என்றார் தனேஸ்வரன்.

பத்துமலை கூரையைப் பார்த்தார். பின்சன்னலுக்கு வெளியே, ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய ஈயக்குட்டை பச்சையாகக் கிடந்தது. கல் எறிந்தால் விழும் தூரம்.

"குட்டை பக்கத்துல இருக்கு. போத்தல அதுல வீசியிருந்தா நீங்க பொறுக்க முடியுமா?"

"முடியாது."

"பின்ன ஏன் பொட்டலம் கட்டித் தொட்டியில வச்சான்? அதுவும் சரியான தொட்டியில?"

"பதட்டம், சார்ஜன்."

"பதட்டத்துல மூளை நின்னுடும், இன்ஸ்பெக்டர். கை நிக்காது. கை தனக்குப் பழகினதத்தான் செய்யும். இது யாரோட கை? அதக் கேளுங்க."

*

பமேலாவை அழைத்தார்கள். மறுசுழற்சி இயக்கத்தின் மாணவர் செயலாளர். அழுது வீங்கிய முகம்.

"உடைஞ்ச கண்ணாடிய எப்படிப் போடச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?" என்று பத்துமலை கேட்டார்.

"அட்டைப் பெட்டியில போட்டு, டேப் ஒட்டி, மேல சிவப்புல எழுதணும் அங்கிள். இல்லாட்டி குப்பை எடுக்க வர்ற சம்பா அக்காங்க கையில குத்திடும். பெட்டியும் டேப்பும் இங்கேயே இருக்கு, பாருங்க."

இருந்தது. கதவுக்கு அருகிலேயே ஒரு அடுக்கு. ஒன்றுகூடக் கலையவில்லை.

"நீயா இருந்தா?"

"நான் கண்ணக் கட்டிக்கிட்டுக்கூடப் பெட்டியிலதான் போடுவேன். ஆயிரம் வாட்டி சொல்லிக் குடுத்தாச்சு."

"இந்தத் தொங்கப்போடற வேலை உன் யோசனையா?"

பமேலாவுக்குக் கோபம் வந்தது. "ஐயோ, என் யோசனையே இல்ல. சாப்பிடற எடத்துல, தூங்கற எடத்துல தொட்டிய வைங்க, எந்தப் பிளாக் நல்லாப் பிரிக்குதோ அவங்கள மேடையில ஏத்திக் கைதட்டுங்கன்னு சொன்னேன். சார் கேக்கல. 'பயம் இருந்தாதான் பிரிப்பாங்க'ன்னாரு. ரெண்டு வாரம் பிரிச்சாங்க. அப்புறம் ராவோட ராவா குட்டையில வீசுனாங்க, கன்டின் தொட்டியில போட்டாங்க, அடுத்தவன் ரூம் வாசல்ல வச்சாங்க. சார் தனியா உக்காந்து ஒவ்வொரு பையாக் கிளறுவாரு. பொம்பளப் புள்ளைங்க பையக்கூட. எனக்குப் புடிக்கல."

"வியாழக்கிழமை என்ன நடந்துச்சு?"

"யுகேன் பை காலையிலேருந்தே தொங்குச்சு. அவன் சிரிச்சுக்கிட்டு அதோட படம் எடுத்துக்கிட்டான். கூட்டாளிங்கள்லாம், 'மச்சான், உன் பைதான் லா கொண்டாட்டம், மீகோரேங் நூடுல்ஸ் பேக்கட்டா கொட்டுது'ன்னு கிண்டல் பண்ணாங்க. அவனும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தான். அப்புறம் ரோய்ஸ்டன் சார் வந்து, அவன் தோள்ல கைபோட்டு, காதுல என்னமோ சொன்னாரு. உடனே குத்திட்டான். அவன் விரல் உடைஞ்ச சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு."

"என்ன சொன்னாரு?"

"கேக்கல அங்கிள்."

அடுத்து மத்தியாஸ். கன்டின் நடத்துபவர். பருத்த உடம்பு, பெருத்த குரல்.

"ஆமா லா, போத்தல் என் கடைப் போத்தல்தான். நான் போடற போத்தல் எல்லாம் இங்கதானே வருது? அதுக்கு நான் கொலகாரனா?"

"ரோய்ஸ்டனுக்கும் உமக்கும் தகராறாமே?"

"யாருக்குத்தான் தகராறு இல்ல? பிரிக்கல, பிரிக்கலன்னு என் கடைய மூடவைக்கப் பாத்தான். நான் ஒரே பைதான் அண்ணே. சோறு, போத்தல், டின்னு எல்லாம் உள்ள போட்டு ஒரு முடிச்சு. எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீர்?"

"கடையில. தனியா. என் பொண்டாட்டி எல்ஸி கோயிலுக்குப் போயிட்டா." அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "செத்தவனப் பத்தித் தப்பா பேசக்கூடாது. ஆனா நல்லவன் இல்ல அவன்."

*

பகல் பன்னிரண்டு.

யுகேந்திரன் அலுவலக அறையில் நாற்காலியில் இருந்தான். வலது கையில் இரண்டு விரலுக்குப் பட்டி வைத்து, மணிக்கட்டு வரைக்கும் கட்டு. அதில் பழுப்பாகக் காய்ந்த ரத்தம். காலணியின் கயிறுகள் கட்டப்படாமல் உள்ளே திணிக்கப்பட்டிருந்தன. பத்துமலை முதலில் அதைத்தான் பார்த்தார்.

"எப்ப போட்ட கட்டு?"

"வியாழக்கிழமை. கிளினிக்ல."

"இன்ஸ்பெக்டர், அந்த ராஃபியா முடிச்ச நீங்க அவிழ்த்தீங்களா, அறுத்தீங்களா?"

"அறுத்தேன். அவ்வளவு இறுக்கம்."

"இவன் கையில ஒரு துண்டுக் கயிறு குடுங்க. இந்த மேசைக்காலுல கட்டட்டும். ஒத்தக் கையால போத்தல வீசலாம், ஒத்துக்கறேன். ஒத்தக் கையால அந்த முடிச்சப் போட முடியுமா, பாருங்க."

தனேஸ்வரன் யோசித்தார். கயிறு வந்தது.

அப்போது நடந்ததை அந்த அறையிலிருந்த ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளை முடியாது என்று கையை விரித்துக் காட்டினால் போதும், பிழைத்துவிடுவான். யுகேந்திரன் கயிற்றைப் பிடுங்கினான். மேசைக்காலைச் சுற்றினான். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். கயிறு நழுவியது. மறுபடியும் சுற்றினான். உடைந்த விரல்களை வளைத்து இறுக்கினான். கட்டுக்குள் ஏதோ நொறுங்கியது. அடிபட்ட மிருகம்போல் கத்தினான். வெள்ளைத் துணியில் புது ரத்தம் பரவியது. அப்படியும் விடவில்லை.

"போதும்டா!" பத்துமலை அவன் தோளைப் பிடித்து இழுத்தார். முடிச்சு விழாமல் கயிறு தரையில் சுருண்டது.

"நான் கட்டுவேன்பா. நேத்து கட்டினேன். நான்தான் செஞ்சேன்!"

காலையிலிருந்து வாய் திறக்காத பிள்ளை, தப்பிக்க வழி கிடைத்த நேரத்தில்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

தனேஸ்வரன் தலையை ஆட்டினார். "இவன் கட்டல, சார்ஜன். எனக்குத் தெரியுது. பயத்துல உளறுறான்." வெளியே பார்த்துக் கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டார். "அந்தக் கன்டின்காரனப் பிடிங்க. போத்தலும் அவனோடது, பகையும் அவனோடது. சாயங்காலம் பாத்த சாட்சியும் இல்ல."

பத்துமலை நகரவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் அவரையே பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை. கெஞ்சல் இருந்தது.

*

மத்தியாஸ் சும்மா வரவில்லை. முதல் கான்ஸ்டபிளைத் தள்ளினார். இரண்டாமவன் அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தைக் கறித்தட்டுகள் அடுக்கிய மேசைமேல் அறைந்தான். மூக்கு உடைந்தது. குழம்பும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. எல்ஸி கரண்டியோடு ஓடிவந்து, "ஆண்டவரே, விடுங்கய்யா, அவரு ஒண்ணும் செய்யல!" என்று கான்ஸ்டபிளின் முதுகில் அடித்தாள். மாணவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

பத்துமலை கன்டின் வாசலில் நின்றார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகன் வீட்டுக்கு வந்துவிடுவான். சார்ஜன் வீடு சார்ஜன் வீடாகவே இருக்கும். மத்தியாஸ் யாரோ. அவருக்கும் வக்கீல் கிடைப்பார். நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாமல் விட்டும்விடலாம். விடாமலும் போகலாம்.

அந்த எண்ணம் அவருக்குள் வந்தது. வந்ததற்காக அவர் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இன்ஸ்பெக்டர்! அந்த ஆளு மேலேருந்து கைய எடுக்கச் சொல்லுங்க."

அணிவகுப்பு மைதானத்துக் குரல் அது. கான்ஸ்டபிள் தானாகவே பின்வாங்கினான்.

"இவரு செய்யல. இவரு எல்லாத்தயும் ஒரே பையில போடறவரு. இவரா இருந்தா உடைஞ்ச போத்தல் தரையில கெடக்கும், இல்லாட்டி குட்டையில கெடக்கும்."

"அப்ப பமேலாவா?"

"அந்தப் பொண்ணு பெட்டியில போட்டு டேப் ஒட்டும். பெட்டி அடுக்கு கலையல."

"பின்ன யாரு?"

பத்துமலை ஒரு முறை மூச்சிழுத்தார். குரல் பிசிறவில்லை.

"ஸ்டோர்க் கூரை ஒழுகல. உள்ள ஒரு தாளும் மழையில நனையல. அந்த ஒரு பேப்பர் மட்டும் நனைஞ்சு காஞ்சிருக்கு. ஏன்? யாரோ வாளித் தண்ணியில நனைச்சிருக்காங்க. நனைச்ச பேப்பரத் தரையில ஒத்தினா கண்ணுக்குத் தெரியாத தூளும் ஒட்டிக்கிட்டு வந்துடும். துடைப்பம் வேணாம். நான் பூட்ஸால தேச்சுப் பாத்தேன், ஒரு நெறுநெறுப்புக்கூட இல்ல. கொல பண்ணின கையோட, நாளைக்குக் கூட்ட வர்றவங்க கால்ல குத்தக்கூடாதுன்னு ஒத்தி எடுத்திருக்காங்க. நெனச்சுச் செய்யல. பழகின கை செஞ்சிருக்கு."

"அப்படி யாரு செய்வா?"

"என் வீட்ல செய்வாங்க. விபத்து நடந்த ரோட்டுல கண்ணாடி பொறுக்கிப் பொறுக்கி நான் கண்டுபிடிச்ச வழி. என் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். இன்னிக்குக் காலையிலகூட என் வீட்ல அப்படித்தான் நடந்துச்சு."

மத்தியாஸ் மூக்கைத் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

"அந்த ரெண்டு புள்ளைங்கள்ல ஒருத்தனுக்குப் பேப்பரப் பிழியவும் முடிச்சுப் போடவும் கை இல்ல. தன் பை தொங்குனப்ப அவன் சிரிச்சான். காதுல ஒரு வார்த்த விழுந்ததும் குத்தினான். அப்ப அந்த வார்த்த அவனப் பத்தினது இல்ல. விடுதலைன்னு தெரிஞ்சதும் குற்றத்த ஏத்துக்கிட்டான். எவனுக்காகவும் ஒருத்தன் உடைஞ்ச விரல இன்னொரு வாட்டி உடைச்சுக்க மாட்டான், இன்ஸ்பெக்டர். கூடப் பொறந்தவளுக்காக உடைச்சுக்குவான்."

தனேஸ்வரனின் முகம் மாறியது. "சார்ஜன்..."

"இந்த வெயில்ல ஒரு பொண்ணு கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு உக்காந்திருக்கா. காய்ச்சல்னு நெனச்சேன். கழுத்துல விரல் பதிஞ்ச தடம் இருக்கும். பாருங்க. என் மகள் ஷாமினி."

*

இருந்தது. இரண்டு பக்கமும் கட்டைவிரல் அழுந்திய நீலம்.

ஷாமினி ஜாக்கெட்டைக் கழற்றிப் பெஞ்சில் மடித்து வைத்தாள். அப்பாவைப் பார்க்காமல் பேசினாள்.

"என் பையில மருந்துப் பாக்கெட் இருந்துச்சு. தஞ்சோங் ரம்புத்தான்ல குடுத்தது. அட்டையக் கிழிச்சுத்தான் போட்டேன். அவரு ஒட்டவச்சுப் படிச்சிட்டாரு."

தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சிறு பிள்ளைகளும் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டுவார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்.

"நாலு மாசமாப் போறேன். தூக்கம் இல்ல, உயிரோட இருக்கவே புடிக்கல. அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த பை உன்னோடதுதான், 'சார்ஜன் வீட்டு மகள் பைத்தியம்'னு எல்லாரும் படிக்கட்டும்னாரு. வேணாம்னா வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குத் தனியா வான்னாரு. அண்ணன் காதுலயும் அதத்தான் சொல்லிருக்காரு."

"அண்ணன் கிட்டச் சொன்னியா, போறேன்னு?" என்று பத்துமலை கேட்டார்.

"சொல்லல. கெஞ்சினா விட்டுடுவாருன்னு நெனச்சேன். கண்ணாடி பிரிச்சுக்கிட்டே பேசுன்னு கையுறையக் குடுத்தாரு. அப்புறம் கதவ உள்ள பூட்டிட்டாரு." அவள் குரல் தாழ்ந்தது. "மேல கைய வச்சதும் போத்தலால அடிச்சேன். விழுந்தாரு. சாவிய எடுக்கக் குனிஞ்சேன். எழுந்து கழுத்த நெரிச்சாரு. கையில ஒடஞ்ச போத்தல் கழுத்து இருந்துச்சு. குத்தினேன். எத்தன தடவன்னு தெரியல. அப்புறம் தரையெல்லாம் கண்ணாடியா இருந்துச்சு..." அவள் நிறுத்தினாள். "கூட்ட வர்ற அக்கா செருப்பு போட மாட்டாங்க. அதுமட்டும் ஞாபகம் இருக்கு. அப்புறம்தான் அண்ணன் கிட்டச் சொன்னேன். அவன் ஓடிப் போனான், உயிர் இருக்கான்னு பாக்க."

தனேஸ்வரன் எழுதுவதை நிறுத்தினார். "தற்காப்பு, சார்ஜன். வக்கீல் நல்லா இருந்தா..."

"அது நீதிமன்றம் சொல்லட்டும். வாக்குமூலம் எடுங்க. பெண் போலீசு வரட்டும். அது வரைக்கும் நான் பக்கத்துல நிப்பேன்."

வேன் வந்தது. வாசலில் மாணவர்கள் இருபுறமும் நின்றார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. ஷாமினி தலையைக் குனிந்து தந்தையின் சட்டையை இழுத்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பாக்கட்டும்."

அவர் வேனின் படியருகே நின்றார். முதுகு வளையவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினார்.

"இன்ஸ்பெக்டர், என் மகள் தஞ்சோங் ரம்புத்தான்ல மருந்து எடுக்கறா. லோக்காப்ல இருந்தாலும் அது ஒரு வேளகூடத் தவறக்கூடாது. எழுதிக்குங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தனேஸ்வரன் பேனாவைத் திறந்தார்.

"மருந்துப் பேரு?"

பத்துமலைக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் மெல்லச் சொன்னாள்.

அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை.

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"செர்ட்ராலின்."

"செர்ட்ராலின்," என்றார் பத்துமலை, உரக்க, ஒவ்வோர் எழுத்தாக. தனேஸ்வரன் எழுதி முடிக்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.